கங்காணி கையில் இருந்த பேரேடு

வழக்கம்போல நீளமான பதிவுதான். ஒரு டம்ளர் டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கோவையில் சிறிய அளவில் விளம்பர வேலை செய்துகொடுக்கிறார். நம் மலையில் இருக்கும் சில ஹோம்ஸ்டே, ஒரு வர்க்கி பேக்கரி, தேயிலைத்தூள் கடைகள் எல்லாம் அவருடைய வாடிக்கையாளர்கள். "டீச்சர், இப்போது ஏ.ஐ. ஏஜென்ட் வந்திருக்கிறது. கிளையன்ட் கொடுத்த கஸ்டமர் பட்டியல், போன் நம்பர், பழைய பில் எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்துவிட்டால், யாருக்கு எந்த விளம்பரம் என்று அதுவே பார்த்து அனுப்பிவிடும். கொடுக்கலாமா? நீங்கள் வரலாறு எடுத்தவர், இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்காதுதான், இருந்தாலும் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

இருக்கிறதப்பா. நம் மலைத்தோட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சொல் புரியாத என் தங்கைகளுக்கும் அண்ணிமார்களுக்கும் ஒரு விளக்கம். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏ.ஐ.யை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஏஜென்ட் என்பது அதற்கு அடுத்த படி. அது பதில் சொல்வதோடு நிற்காது. நம் மின்னஞ்சலைத் திறக்கும், கணக்கு அட்டவணையைப் படிக்கும், விளம்பரத்துக்கு எவ்வளவு பணம் என்று மாற்றும், வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும். அதாவது நமக்குப் பதிலாக நின்று காரியம் பார்க்கும். அதற்கு அனுமதியும் சாவியும் கொடுப்பது நாம்.

நமக்குப் பதிலாக நின்று காரியம் பார்க்கும் ஆள் தமிழருக்குப் புதிது இல்லை. அவருக்கு நம்மிடம் ஒரு பழைய பெயரே உண்டு: கங்காணி.

கங்காணி என்பது 'கண்காணி' என்ற சொல்லின் மருவல். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கண்காணி வருகிறார். கோயில் சொத்தையும் கணக்கையும் மேற்பார்வை பார்ப்பவர் அவர். அந்தக் காலத்தில் கோயிலுக்கு யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை விளக்கு எரிய வேண்டும், அதற்கு எத்தனை ஆடு என்பதெல்லாம் கோயில் சுவரிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கும். கண்காணி கண்காணித்த கணக்கு, ஊரார் கண்முன்னேயே நின்றது.

அதே சொல் 19ஆம் நூற்றாண்டில் மலைத்தோட்டத்துக்குப் போனபோது பொருள் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதில்தான் இன்றைய கேள்விக்கு விடை இருக்கிறது.

இலங்கையில் 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இல் இலை நோய் வந்து காப்பி அழியத் தொடங்கியது, பிறகு தேயிலை வந்தது. இரண்டுக்கும் ஆள் வேண்டும். வெள்ளைக்காரத் துரைக்கு நம் ஊர்களும் தெரியாது, மொழியும் தெரியாது. அவர் நம்பிய ஆள் கங்காணி. துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கங்காணி கடல் தாண்டி வருவார். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் தன் சொந்தபந்தங்களையும் ஊர்க்காரர்களையும் திரட்டுவார். அவர்களுடைய பழைய கடனை அடைப்பார், வழிச்செலவு கொடுப்பார், கூட்டிக்கொண்டு போவார். கொடுத்த ஒவ்வொரு காசும் அவருடைய பேரேட்டில் அந்தத் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும்.

கங்காணியை முழுக்கக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவைத் தின்றபோது, ஊரை விட்டுப் போனால் உயிர் பிழைக்கலாம் என்று வழி காட்டியவரும் அவர்தான். கூட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உதவ முடிந்தது. தெரிந்ததால்தான் கட்டிப்போடவும் முடிந்தது.

அவருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தன் கூட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு நாளும் தோட்டம் அவருக்குச் சில காசு கொடுத்தது. பேரேட்டில் இருந்தது தொழிலாளியின் பெயர். காசு கொடுத்தது தோட்டம். அந்தப் பேரேட்டைப் படித்துப் பார்க்கும் எழுத்தறிவு பெரும்பாலான தொழிலாளிகளுக்கு இல்லை. கோயில் சுவரில் இருந்த கணக்கு, ஒரு ஆளின் இடுப்பு முடிச்சுக்குள் போய்விட்டது.

அடுத்து 'துண்டு' என்று ஒன்று வந்தது. இது இலங்கைத் தோட்டங்களில் நிஜமாகவே இருந்த முறை. 'இந்தக் கங்காணியின் கூட்டத்துக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். எந்தத் துரை அதிகம் கொடுக்கிறாரோ அங்கே கூட்டத்தோடு மாறிவிடுவார். புதுத் துரை கொடுத்த தொகை மறுபடி கூட்டத்தின் தலையில் கடனாக ஏறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடன் வளர்ந்தது. சீட்டில் இருப்பது யாருடைய வாழ்க்கையோ, அவர் அதைப் பார்த்ததே இல்லை. 1921இல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்னொன்று, தகர டிக்கெட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. தொழிலாளியின் கழுத்தில் ஒரு சிறு தகர வில்லையைக் கட்டிவிடுவார்கள். அதில் எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கான எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் வழியில் சாப்பாடும் பயணமும் கிடைக்கும், செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1904இல் இலங்கைத் தோட்டக்காரர்கள் திருச்சியில் தொழிலாளர் ஆணையகம் என்று ஒரு அலுவலகத்தையே திறந்து இந்த ஆள் திரட்டலை ஒழுங்குபடுத்தினார்கள். நிர்வாகம் என்று பார்த்தால் மிகச் சீரான ஏற்பாடு. ஆனால் அந்த வில்லை, பெயர் இல்லாத ஒரு எண். ஆள் போய்ச் சேர வேண்டிய முகவரி, பார்சலில் எழுதுவதுபோல அவர் கழுத்திலேயே தொங்கியது.

'இது இலங்கைக் கதை, நீலகிரிக்கு என்ன?' என்று கேட்பீர்கள். நம் மலையில் அதே வேலையை மேஸ்திரி செய்தார். 1903இல் சென்னை மாகாண அரசு தோட்டக்காரர்களுக்காகத் தொழிலாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டு ஓடினால் தொழிலாளியைத் தண்டிக்கவே அதில் வழி இருந்தது. 1920களின் கடைசியில்தான் அது நீங்கியது. தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், பள்ளிக்கூடம் எல்லாம் உரிமை என்று சொன்ன தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951இல்.

இலங்கைக் கதையே பிறகு நம் மலைக்கு நடந்து வந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம் ஏது காகிதம்? அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டம், இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே இருந்தேன் என்று நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம் என்றது. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அன்றைக்குச் சம்பளம் போடுவதற்காகவும் கடன் கணக்குக்காகவும் தோட்டத்தில் எழுதிவைத்த பதிவுகள், திடீரென்று நீ எந்த நாட்டுக்காரன் என்று தீர்மானிக்கும் சான்றாகிவிட்டன. பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும், ஒருமுறை ஊருக்குப் போய்வந்தது எழுதியிருந்தாலும், அது ஒரு குடும்பத்தின் தலையெழுத்து.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்பது என்று எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று நம் மாவட்டம் முழுக்க அந்தக் குடும்பங்கள் குடியேறின.

என் வகுப்பில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய பேர் படித்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலரும் அவர்கள்தான். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்புவதற்காக லைன் வீடுகளுக்குப் போவேன். எல்லா வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். நகையைக்கூட அவ்வளவு பத்திரமாக வைக்க மாட்டார்கள். காகிதத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஒரு காரியத்துக்காக எழுதப்பட்ட விவரம் வேறொரு காரியத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, வாழ்ந்து தெரிந்துகொண்டார்கள்.

இனி விளம்பரத்துக்கு வருகிறேன். விளம்பர ஏஜென்ட்டின் வரலாறும் ஒரு கங்காணிக் கதைதான்.

1840களில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் வால்னி பால்மர் என்பவர் விளம்பர ஏஜென்ட்டாகத் தொழில் தொடங்கினார். வியாபாரிகளிடம் போய் விளம்பரம் வாங்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பார். அவருக்குக் கமிஷன் கொடுத்தது பத்திரிகை. வியாபாரி அவரைத் 'தன் ஆள்' என்று நினைத்தார், ஆனால் கூலி வந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து. அதே நகரத்தில் 1870களில் அயர் நிறுவனம் வியாபாரியோடு வெளிப்படையான ஒப்பந்தம் போட்டு, பத்திரிகைக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தோம், எங்கள் கூலி எவ்வளவு என்று காட்டத் தொடங்கியது. அதன் பிறகுதான் விளம்பர நிறுவனம் வியாபாரியின் ஆள் என்ற நிலை மெல்ல உருவானது. ஒரு சோப்புக் கம்பெனிக்கு வேலை செய்யும் நிறுவனம் போட்டிச் சோப்புக்கு வேலை செய்யக் கூடாது என்ற வழக்கமும் தொழிலில் வேரூன்றியது. காரணம், வியாபாரியின் விலை, லாபம், அடுத்து என்ன செய்யப் போகிறார் என்ற ரகசியம் எல்லாம் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது.

நம் தேயிலைக்கே எவ்வளவு விளம்பரம் நடந்தது தெரியுமா? 1903இல் கர்சன் பிரபு காலத்தில் ஏற்றுமதித் தேயிலைக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் தேயிலையைப் பரப்ப ஏற்பாடு செய்தார்கள். 1930களில் அது நம் ஊர்களிலும் முழு வேகத்தில் நடந்தது. வீட்டுக்கு வீடு போய்த் தேநீர் போட்டுக் காட்டினார்கள், இலவசமாகக் கொடுத்தார்கள், ரயில் நிலையத்திலும் சந்தையிலும் பலகை வைத்தார்கள். காப்பியும் நீராகாரமும் குடித்த தமிழ்நாடு டீ குடிக்கப் பழகியது. அவ்வளவு பெரிய பிரசாரத்துக்குத் தெருவும் சந்தையும் தெரிந்தால் போதுமாக இருந்தது. இந்த வீட்டு அம்மாவுக்கு எந்தத் தேதியில் பிரசவம், அந்த வீட்டு ஐயா எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியல் யார் கையிலும் இல்லை.

இன்றைக்கு அது இருக்கிறது. அதனால் என்ன வரும் என்பதற்கு, நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இதே முகநூலில் ஒரு பாடம் நடந்தது. உங்கள் குணம் எப்படிப்பட்டது என்று சொல்லும் ஒரு வினாடி வினா செயலி. அதில் சேர்ந்தவர்களின் விவரத்தோடு அவர்களுடைய நண்பர்களின் விவரத்தையும் அது அள்ளிக்கொண்டது. அந்த விவரம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்துக்குப் போனது, அரசியல் விளம்பரத்துக்குப் பயன்பட்டது. 2018இல் விஷயம் வெடித்தபோது, உலகம் முழுக்க 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்தான். அவர்கள் மூலம் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். அந்த 5 லட்சம் பேரில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களுக்காகப் போட்டவர்கள் 335 பேர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வணிக ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இப்போது ஏ.ஐ. ஏஜென்ட்டைக் கங்காணியோடு பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சில விஷயங்களில் கங்காணியைவிட நல்லது. அதற்குச் சொந்தமாகப் பேராசை இல்லை, தலைக்காசு வேண்டாம், தூக்கம் வேண்டாம். இரண்டு ஆள் வைத்துச் சமாளிக்கும் என் மாணவரைப்போன்ற சின்னத் தொழில்காரருக்கு அது பெரிய துணை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மூன்று விஷயத்தில் கங்காணியைவிட ஆபத்து.

ஒன்று, அளவு. கங்காணிக்குத் தன் கூட்டம் மட்டும் தெரியும். ஏஜென்ட்டுக்குச் சாவி கொடுத்தால் பத்தாயிரம் பெயரைக் கண் இமைப்பதற்குள் படிக்கும். தப்பாக அனுப்பினால் பத்தாயிரம் பேருக்கும் தப்பாகப் போகும். 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிறுவனத்தின் ஏ.ஐ. ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தபோதே ஒரு தொழில்முனைவரின் நேரடித் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு, ஏமாளித்தனம். முன்பின் தெரியாதவர் ஒரு கடிதம் கொடுத்து 'உன் பேரேட்டை எனக்கு அனுப்பிவிடு' என்றால் எந்தக் கங்காணியும் கொடுத்திருக்க மாட்டார். ஏ.ஐ. கொடுத்துவிடக் கூடும். தான் படிக்கும் மின்னஞ்சலில் எழுதியிருப்பது வெறும் செய்தியா, தனக்கு இடப்பட்ட கட்டளையா என்று பிரித்துப் பார்ப்பதில் அது இன்னும் தடுமாறுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட்டில் அப்படி ஒரு ஓட்டை இருந்தது 2025 ஜூனில் வெளியே வந்தது. சூழ்ச்சியாக எழுதிய ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும், பெற்றவர் எதையும் தொடாமலே உள்ளே இருக்கும் விவரம் வெளியே போக வழி இருந்தது. அதற்கு 'எக்கோலீக்' என்று பெயர் வைத்தார்கள். அதை அடைத்துவிட்டோம், யாரும் பாதிக்கப்படவில்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி என்றால், நம் சின்ன அலுவலகத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

மூன்று, ஊர் முகம். கங்காணி எவ்வளவு கெட்டவராக இருந்தாலும் ஒருநாள் ஊருக்குத் திரும்பி வந்து அந்த ஜனங்களின் முகத்தில் விழிக்க வேண்டும். அந்தக் கூச்சம் சிலரையாவது கட்டுப்படுத்தியது. ஏஜென்ட்டுக்கு ஊரும் இல்லை, முகமும் இல்லை. அதனால் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் முகம் காட்டி நின்றே ஆக வேண்டும்.

இதைச் சொல்லும்போது பள்ளியில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு வருடம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பு ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். மாணவர் பெயர், பெற்றோர் போன் நம்பர், மதிப்பெண் எல்லாம் இருக்கும் பட்டியல் வேண்டும் என்றார். 'பிள்ளைகளுக்கு நல்லதுதானே, அட்மிஷன் பற்றிச் சொல்லத்தானே கேட்கிறோம்' என்றார். அப்போது இருந்த எங்கள் தலைமையாசிரியை அமைதியாக, "உங்கள் நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போங்கள். போர்டில் ஒட்டுகிறோம். வேண்டிய பிள்ளை உங்களுக்குப் போன் பண்ணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் போன பிறகு எங்களிடம் சொன்னார்: "அந்த நம்பரைப் பெற்றோர் கொடுத்தது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிடுவதற்கு." அவ்வளவுதான் சொன்னார். நான் ஆசிரியர் பயிற்சியில் படித்த எந்தப் பாடத்தையும்விட அது தெளிவாக இருந்தது.

அவர் அன்று சொன்னதைத்தான் இன்று சட்டம் சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கு விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற அதிலிருந்து 18 மாத அவகாசம். அந்தச் சட்டத்தில் என் மாணவருக்குத் தேவையானவை நான்கு. என்ன காரியத்துக்கு விவரம் கேட்கிறோம் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும், அந்தக் காரியத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும். விவரத்தை வாங்கியவர் அதை வேறொருவரிடம் வேலைக்குக் கொடுத்தாலும் பொறுப்பு வாங்கியவருடையதுதான், கொடுப்பதற்கு முறையான ஒப்பந்தம் வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயது நிறையாத பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. ஆகவே 'ஏ.ஐ.தான் அனுப்பியது, எனக்குத் தெரியாது' என்று ஹோம்ஸ்டே முதலாளி தப்பிக்க முடியாது. அவர் மாட்டினால் அவரை நம்பவைத்த நம் பிள்ளையும் சும்மா இருக்க முடியாது.

நம் மலையிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பெயர், ஊர், வண்டி எண், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்றெல்லாம் பதிவு செய்கிறார்கள். அது மலை தாங்குகிற அளவு வண்டி வர வேண்டும் என்பதற்காக. ஒரு விருந்தாளி அந்த இ-பாஸையும் ஆதார் நகலையும் அறை பதிவுக்காக ஹோம்ஸ்டேக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ஸப்பையே ஏஜென்ட்டுக்குத் திறந்துவிட்டால், வண்டிக் கணக்குக்காகக் கொடுத்த முகவரி விளம்பரப் பட்டியலாகிவிடும். தோட்டத்துச் சம்பளப் பதிவு குடியுரிமைச் சான்றானதுபோலத்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை, கதவு திறந்திருந்தாலே போதும்.

ஆகவே என் மாணவருக்கு என் பதில்: வேலைக்கு வைத்துக்கொள். பேரேட்டைக் கொடுக்காதே, அன்றைய வேலைக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் கொடு.

மே மாத மலர்க் கண்காட்சிக்கு எந்த ஊரில் விளம்பரம் போடலாம் என்று தெரிய வேண்டுமா? போன மே மாதம் கோவையிலிருந்து எத்தனை பேர், பெங்களூரிலிருந்து எத்தனை பேர், எத்தனை நாள் தங்கினார்கள் என்ற எண்ணிக்கை போதும். பெயர் எதற்கு? ஆதார் நகல் எதற்கு? பெயரையும் நம்பரையும் நீக்கிவிட்டு அட்டவணையைக் கொடு. பத்தில் ஒன்பது வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பெயர் இல்லாமல் முடியாத வேலை என்றால், முதலில் கிளையன்ட்டிடம் எழுத்தில் கேள். இந்த ஏஜென்ட், இந்த நிறுவனத்துடையது, இந்த விவரத்தைப் படிக்கும், இத்தனை நாளைக்கு என்று சொல். அவர்கள் கஸ்டமரிடம் அதற்குச் சம்மதம் வாங்கியிருக்கிறார்களா என்றும் கேள். படிக்க மட்டும் அனுமதி கொடு. அனுப்புவதற்கும் பணம் செலவழிப்பதற்கும் உன் விரல் பட்ட பிறகுதான் நகர வேண்டும்.

வர்க்கி பேக்கரியின் விவரத்தையும் எதிர்க்கடைக்காரரின் விவரத்தையும் ஒரே ஏஜென்ட்டுக்கு ஒரே இடத்தில் காட்டாதே. இலவசமாகக் கிடைக்கிறது என்று எந்தச் செயலியிலும் கிளையன்ட் விவரத்தைப் போடாதே. கொடுக்கும் விவரத்தைக் கொண்டு அந்த நிறுவனம் தன் ஏ.ஐ.க்குப் பயிற்சி கொடுக்குமா, எத்தனை நாள் வைத்திருக்கும் என்று ஒப்பந்தத்தில் படி. புரியவில்லை என்றால் புரிந்தவரிடம் காட்டு. வேலை முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கு. ஏஜென்ட் எதைத் திறந்தது, யாருக்கு என்ன அனுப்பியது என்ற பதிவை எடுத்து வை. நாளைக்கு ஒரு கஸ்டமர் 'என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?' என்று கேட்டால் அதைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

பொறாமையாக இருக்கும், பக்கத்து அலுவலகம் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வேகமாக ஓடும். ஓடட்டும். நம் மலையில் வியாபாரம் என்பது அடுத்த சீசனுக்கும் அதே குடும்பம் அதே ஹோம்ஸ்டேக்கு வருவதில் இருக்கிறது. அவர்கள் நம்பிக் கொடுத்த நம்பரைச் சந்தையில் விட்டால் அடுத்த வருடம் கொடைக்கானல் போய்விடுவார்கள்.

நம் தாத்தா பாட்டிகள் கழுத்தில் தகர டிக்கெட்டோடு கடல் தாண்டினார்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் கேட்க முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே அதற்காகத்தான். இப்போது பேரேடு உங்களில் பலர் கைக்கு வந்திருக்கிறது. சிலர் பேங்கில், சிலர் ஆஸ்பத்திரியில், சிலர் விளம்பரத்தில். அதில் இருப்பது யாரோ ஒருவருடைய பெயர். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் செய்ய மாட்டீர்கள் என்ற ஒன்றை, அவர் இல்லாதபோது ஏஜென்ட்டை விட்டும் செய்யாதீர்கள்.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தகர டிக்கெட்டோ, துண்டோ, பழைய தோட்டத்துச் சீட்டோ இருந்தால் அதன் கதையை எனக்குச் சொல்லுங்கள். படத்தை இங்கே பொதுவில் போடாதீர்கள், அதிலும் பெயரும் எண்ணும் இருக்கும். நேரில் வரும்போது எடுத்து வாருங்கள், சேர்ந்து படிக்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உங்கள் டீச்சர்,
குன்னூர்